'டர்ன் ஆஃப் இட்' ஏன் இடிக்கிறது? ஃப்ரேசல் வெர்பில் ப்ரோநௌன் பிழைகளும் திருத்தும் வழியும்

ஆங்கிலம் ஓரளவு நன்றாகவே வரும் என்பவர்களையும் இந்த இடம் தடுக்கிறது. 'டர்ன் ஆஃப் த ஃபேன்' சரி. 'டர்ன் த ஃபேன் ஆஃப்' என்றாலும் சரி. ஃபேனை எடுத்துவிட்டு 'இட்' என்ற ப்ரோநௌனை, அதாவது பெயருக்குப் பதிலாக வரும் சொல்லை, போட்டால் மட்டும் 'டர்ன் இட் ஆஃப்' என்ற ஒரே வழிதான் உண்டு. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. இதையே விதியாகப் பிடித்துக்கொண்டு 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று எழுதினால் அதுவும் தவறு. அங்கே 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றுதான் வர வேண்டும்.

'டர்ன் ஆஃப்', 'லுக் ஆஃப்டர்' இரண்டுமே ஒரு வினையும் ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்தவை; இப்படிச் சேர்ந்து வருவதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம். பார்வைக்கு ஒரே அச்சு. அந்தச் சின்னச் சொல் வினையின் பக்கம் நிற்கிறதா, பெயரின் பக்கம் நிற்கிறதா என்பதில்தான் வேறுபாடு. கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் இதைக் கவனிக்காததால் வருபவை. உங்கள் வாக்கியத்தில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

தமிழ் எழுத்தில் குழம்பாமல் இருக்க ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு எஃப் உள்ள சொல்லை இங்கே 'ஆஃப்' என்றும், ஒரே எஃப் உள்ளதை 'ஒவ்' என்றும் எழுதியிருக்கிறோம். உச்சரிப்பிலும் அவை அப்படித்தான் வேறுபடுகின்றன. இரண்டையும் 'ஆஃப்' என்றே சொல்லும் பழக்கம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் முதலாவது பெரும்பாலும் வினையின் பக்கம் நிற்பது, இரண்டாவது எப்போதும் பெயரின் பக்கம் நிற்பது.

முதலில் சின்னச் சொல்லை இனம் காணுங்கள்

வினையின் பக்கம் நிற்பதைப் பார்ட்டிக்கிள் என்பார்கள். தமிழில் இதற்கு நெருங்கிய உறவு துணைவினை. 'எழுது' என்பது 'எழுதி வை' ஆவதுபோல 'ரைட்' என்பது 'ரைட் டவுன்' ஆகிறது. 'தூக்கு' என்பது 'தூக்கிப் போடு' ஆகும்போது பொருள் மாறுவதுபோல, 'புட்' என்பது 'புட் ஆஃப்' ஆகும்போது 'தள்ளிப் போடு' என்று ஆகிவிடுகிறது. இங்கே டவுனும் ஆஃபும் வினையைத்தான் மாற்றுகின்றன. எழுதப்படும் முகவரியோடோ தள்ளிப் போடப்படும் கூட்டத்தோடோ அவற்றுக்கு நேரடி உறவு இல்லை.

பெயரின் பக்கம் நிற்பது ப்ரெபொசிஷன். தமிழில் இந்த வேலையைச் செய்வது வேற்றுமை உருபு: அவனுக்காக, அவளோடு, அதன்மேல். 'அவன்' ஓரிடத்திலும் 'க்காக' வேறோர் இடத்திலும் நிற்குமா? நிற்காது. அதேபோல் 'ஃபார் ஹிம்' என்பதில் ஹிம்மைப் பிய்த்து ஃபாருக்கு முன்னால் வைக்க முடியாது. நம் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, அவர்களுடையது முன்னால் நிற்கிறது.

ஆனால் மொழிபெயர்த்துப் பார்த்து எது எந்த வகை என்று முடிவு செய்யாதீர்கள். 'லுக் ஃபார்' தமிழில் 'தேடு' என்ற ஒற்றைச் சொல். 'லுக் ஆஃப்டர்' என்பது 'கவனித்துக்கொள்'. இரண்டிலும் தமிழில் 'ஐ' உருபுதான் வரும், உருபுக்கு ஈடாக ஃபாரோ ஆஃப்டரோ தெரியாது. ஆனாலும் ஆங்கிலத்தில் அவை ப்ரெபொசிஷன்களே. துணைவினை ஒப்புமை, விஷயம் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள மட்டும்.

நம்பிக்கையான வழி, சின்னச் சொல்லையே பார்ப்பது. அட், ஃபார், ஒவ், டு, வித், ஃப்ரம், இன்ட்டு, ஆஃப்டர் ஆகியவை இந்த வினைகளில் ப்ரெபொசிஷன்களே; ப்ரோநௌன் அவற்றுக்குப் பின்னால்தான் வரும். அவே, பேக், டுகெதர், அபார்ட் ஆகியவை பார்ட்டிக்கிள்கள்; ப்ரோநௌன் அவற்றுக்கு முன்னால் வரும். அவுட்டும் பெரும்பாலும் இந்தக் கட்சிதான். தொல்லை தருபவை நடுவில் உள்ளவை: அப், டவுன், ஆன், ஆஃப், இன், ஓவர், த்ரூ, அக்ராஸ், பை. இவை ஒரு வினையோடு பார்ட்டிக்கிளாகவும் இன்னொரு வினையோடு ப்ரெபொசிஷனாகவும் வரும். சில நேரம் ஒரே வினையோடு இரண்டு வேடமும் கட்டும்.

இந்த நடுப் பட்டியலுக்கு இரண்டு சோதனைகள் உதவும். ஒன்று, வினைக்கும் சின்னச் சொல்லுக்கும் நடுவே 'கேர்ஃபுல்லி', 'குவிக்லி' போன்ற ஒரு சொல்லை நுழைத்துப் பாருங்கள். 'லுக் கேர்ஃபுல்லி அட் த பிக்சர்' இயல்பாக ஓடும். ஆகவே அட் ப்ரெபொசிஷன். 'டர்ன் குவிக்லி ஆஃப் த ஃபேன்' முட்டும். ஆகவே ஆஃப் பார்ட்டிக்கிள். இன்னொன்று, காது. 'டர்ன் இட் ஆஃப்' என்று ஆங்கிலேயர் சொல்லும்போது அழுத்தம் ஆஃபில் விழும். 'லுக் அட் இட்' என்னும்போது அழுத்தம் லுக்கில். 'அட்' பாதி விழுங்கப்பட்டுவிடும். ஓவர், த்ரூ போன்ற நீளமான ப்ரெபொசிஷன்கள் கொஞ்சம் அழுத்தத்தைத் தாங்கும் என்பதால் அவற்றுக்குக் காதை மட்டும் நம்ப வேண்டாம்.

அறிகுறி: 'ஸ்விட்ச் ஆஃப் இட்', 'பிக் அப் மீ', 'திங்க் ஓவர் இட்'

ப்ரோநௌன் கடைசியில் போய் விழுந்துவிட்டது. நம்மிடையே மிகப் பரவலான பிழை இதுதான்.

காரணம் நாம் பேசும் தமிழிலேயே இருக்கிறது. 'ஸ்விட்ச் ஆஃப் பண்ணு', 'பிக்கப் பண்ணிக்கிறேன்', 'ஃபில்லப் பண்ணிக் கொடுங்க' என்று இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒரே கட்டியாக எடுத்து 'பண்ணு' சேர்த்துப் பழகியிருக்கிறோம். ஆங்கிலம் பேசும்போது அந்தக் கட்டியை உடைக்க மனம் வருவதில்லை. முழுதாக வைத்துவிட்டு 'இட்'டை வாலில் கட்டுகிறோம். 'ஆஃப் த ஃபேன்', 'ஆன் த லைட்' என்று வினையையே விட்டுவிடுவதும் இதே வழியில் வந்தது. 'ஆஃப் பண்ணு' என்பதில் பண்ணு போனால் மிஞ்சுவது ஆஃப் மட்டும்தானே. ஆங்கிலத்தில் அது தனியே அணைக்காது. டர்னோ ஸ்விட்சோ முன்னால் வேண்டும்.

விதி இது: சின்னச் சொல் பார்ட்டிக்கிள் என்றால் மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் ஆகிய 7 சொற்களும் நடுவில் நிற்கும். 'ஸ்விட்ச் இட் ஆஃப்', 'பிக் மீ அப்', 'திங்க் இட் ஓவர்'. 'மைசெல்ஃப்', 'யுவர்செல்ஃப்' வகையும் அப்படியே: 'புல் யுவர்செல்ஃப் டுகெதர்'. 'திஸ்', 'தட்' ஆகியவற்றையும் நடுவில் வைப்பதே காதுக்கு இதம். 'சம்திங்', 'ஒன்', 'மைன்' போன்றவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை: 'பிக் அவுட் சம்திங் நைஸ்' முழுக்கச் சரி.

ஏன் இப்படி? ஆங்கில வாக்கியத்தில் கடைசி இடம் கனமான, புதிய செய்திக்கு உரியது. 'இட்' என்று சொல்லும்போதே அது எதுவென்று கேட்பவருக்குத் தெரியும். அது பழைய செய்தி, ஒலியிலும் இலேசானது. புதிய செய்தி அணைப்பதா போடுவதா என்பது, அதாவது ஆஃபா ஆனா என்பது. அதனால் ஆஃப் கடைசிக்குப் போகிறது. இதே காரணத்தால்தான் நீளமான பெயர்த்தொடர் வந்தால் நிலைமை தலைகீழாகிறது. 'திங்கட்கிழமை மூன்று மணிக்கு இருந்த கூட்டம்' என்பதை ஆங்கிலத்தில் புட்டுக்கும் ஆஃபுக்கும் நடுவே திணித்தால், ஆஃப் வரும்போது கேட்பவர் புட்டையே மறந்திருப்பார். அப்போது 'புட் ஆஃப்' முன்னால், நீளமான பெயர் பின்னால்.

திருத்தும் வழி மனப்பாடத்தில் இருக்கிறது, ஆனால் விதியை மனப்பாடம் செய்வதில் இல்லை. 'புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு' என்று நோட்டில் எழுதுவதை நிறுத்துங்கள். 'புட் இட் ஆஃப்' என்று இட்டோடு எழுதுங்கள். பிறகு மூன்று சொல்லாகப் படிக்காமல், ஆங்கிலேயர் ஒட்டிச் சொல்வதுபோல் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்: டர்னிட்டாஃப், புட்டிட்டாஃப், பிக்கிட்டப், கிவிட்டப், ட்ரையிட்டான், ஃபில்லிட்டின். 'தெம்' வந்தால் அது தேய்ந்து 'தம்' ஆகும்: பிக்தமப். ஒரு வினைக்கு 10 தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும். பிறகு 'பிக் அப் இட்' என்று சொல்ல நாக்கே இடம் கொடுக்காது. கண்ணால் படித்த விதி அவசரத்தில் கைவிட்டுவிடும், நாக்கில் படிந்த ஒலி கைவிடாது.

முதல் கட்டமாக இவற்றை எடுத்துக்கொள்ளலாம்: டர்ன் இட் டவுன், புட் இட் ஆன், டேக் இட் ஆஃப், கால் இட் ஆஃப், ஃபில் இட் இன், ஹேண்ட் இட் ஓவர், ரைட் இட் டவுன், த்ரோ இட் அவே, கிவ் இட் பேக், வொர்க் இட் அவுட், லுக் இட் அப், பிரிங் இட் அப். படிவத்துக்கு 'ஃபில் அப்' வேண்டாம். பிரிட்டிஷ் வழக்கில் 'ஃபில் இன்', அமெரிக்க வழக்கில் 'ஃபில் அவுட்'. 'ஃபில் இட் அப்' என்றால் பெட்ரோல் டேங்கை நிரப்பச் சொல்வது.

அறிகுறி: 'லுக் ஹிம் ஆஃப்டர்', 'ஐ கேம் இட் அக்ராஸ்'

முந்தைய பிழையைத் திருத்தப் போய் வந்த பிழை. நடுவில் வைக்கும் பழக்கம் எல்லா வினைக்கும் பரவிவிட்டது. மேலே உள்ள ப்ரெபொசிஷன் பட்டியலைக் கண்முன் வைத்துக்கொண்டு திருப்பி எழுதினால் சரியாகிவிடும்: லுக் ஆஃப்டர் ஹிம், லுக் ஃபார் இட், லுக் இன்ட்டு இட், டேக் ஆஃப்டர் ஹெர், பம்ப் இன்ட்டு தெம், டீல் வித் இட்.

நடுப் பட்டியலில் உள்ள சின்னச் சொல்லோடு வந்தும் பிரியாதவற்றைத் தனியே மனத்தில் வைக்க வேண்டும்: கம் அக்ராஸ் இட், கெட் ஓவர் இட், கோ த்ரூ இட், கவுண்ட் ஆன் மீ, ஸ்டாண்ட் பை ஹிம். பஸ்ஸில் ஏறி இறங்கும் 'கெட் ஆன் இட்', 'கெட் ஆஃப் இட்' இரண்டும் இதே சாதி. 'டேக் இட் ஆஃப்' சரியாக இருக்கும்போது 'கெட் ஆஃப் இட்' ஏன் இப்படி என்றால், சட்டையைக் கழற்றும்போது விலகுவது சட்டை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விலகுவது நாம், பஸ் வெறும் இடம். இடத்தைச் சொல்லும் பெயரோடு ஒட்டுவது ப்ரெபொசிஷன்.

அறிகுறி: இலக்கணம் சரிதான், ஆனால் கேட்டவர் வேறு எதையோ புரிந்துகொண்டார்

இதுதான் கவனமாகப் பார்க்க வேண்டிய பகுதி. ஒரே வினை, ஒரே சின்னச் சொல். 'இட்' நடுவில் வந்தால் ஒரு பொருள், பின்னால் வந்தால் வேறு பொருள். இரண்டும் பிழையற்ற ஆங்கிலம் என்பதால் கணினியின் பிழைதிருத்தி பெரும்பாலும் எச்சரிக்காது.

'சீ இட் த்ரூ' என்றால் ஒரு வேலையைக் கடைசிவரை நின்று முடிப்பது. 'சீ த்ரூ இட்' என்றால் அதன் பொய்யை ஊடுருவிக் கண்டுபிடித்துவிடுவது. 'உங்கள் திட்டத்தை முடித்துக் கொடுப்பேன்' என்று மேலாளருக்கு எழுத நினைத்து 'ஐ வில் சீ த்ரூ இட்' என்று எழுதினால், 'உங்கள் திட்டத்தின் வேஷத்தைக் கண்டுபிடிப்பேன்' என்று அவர் கையில் போய்ச் சேரும். இரண்டு சொல் இடம் மாறியதற்கு இவ்வளவு விலை.

'டர்ன் இட் ஆன்' விளக்கையோ மெஷினையோ போடுவது. 'த டாக் டர்ன்ட் ஆன் ஹிம்' என்றால் அதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று அவன்மேலேயே பாய்ந்தது. ஆளைக் குறிக்கும் ப்ரோநௌனை நடுவில் வைத்து 'டர்ன் ஹிம் ஆன்' என்று சொல்வதில் பாலுணர்வைத் தூண்டும் பொருள் உண்டு; அலுவலகத்தில் அதைத் தவிருங்கள்.

'ஷி ரான் அப் த ஹில்', 'ஷி ரான் அப் எ பில்' என்ற இரண்டும் அச்சில் ஒன்றுபோல் தெரியும். ப்ரோநௌன் போட்டதும் சாயம் வெளுக்கும். குன்றின்மேல் ஓடினால் 'ஷி ரான் அப் இட்'. கடன் பில்லை ஏற்றிக்கொண்டே போனால் 'ஷி ரான் இட் அப்'. சந்தேகமான எந்த இணைக்கும் பெயரை எடுத்துவிட்டு 'இட்' போட்டுப் பார்ப்பதே கடைசிச் சோதனை.

'டாக் இட் ஓவர்' என்றால் விஷயத்தைப் பேசி ஆராய்வது. 'டாக் ஓவர் ஹிம்' என்றால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் குரலை அமுக்கிப் பேசுவது. 'லுக் இட் ஓவர்' அறிக்கையை ஒரு பார்வை பார்த்து வைப்பது. 'லுக் ஓவர் இட்' மதில்மேல் எட்டிப் பார்ப்பது. 'கெட் ஓவர் இட்' துக்கத்திலிருந்தோ காய்ச்சலிலிருந்தோ மீள்வது. 'கெட் இட் ஓவர் வித்' பிடிக்காத வேலையைச் சட்டுப்புட்டென்று முடித்துத் தொலைப்பது. 'லுக் ஹிம் அப்' அவர் விவரத்தைத் தேடி எடுப்பது, அல்லது நெடுநாள் கழித்துப் போய்ப் பார்ப்பது. 'லுக் அப் டு ஹிம்' அவரை மதித்து அண்ணாந்து பார்ப்பது. 'கிவ் ஹிம் அப்' அவனைக் கைவிடுவது அல்லது போலீசிடம் ஒப்படைப்பது. 'கிவ் அப் ஆன் ஹிம்' அவன் தேறுவான் என்ற நம்பிக்கையை விட்டுவிடுவது.

எல்லா இணையும் இவ்வளவு துல்லியமாகப் பிரியும் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டி ஆள்மேல் ஏறியதற்கு 'ரான் ஹிம் ஓவர்', 'ரான் ஓவர் ஹிம்' இரண்டுமே வழக்கில் உண்டு. பாலத்தைக் கடந்து ஓடியதற்கு மட்டும் 'ரான் ஓவர் இட்' தவிர வேறு வழி இல்லை.

அறிகுறி: 'ஐ வில் பிக் அப் அட் ஃபைவ்'

யாரை? தமிழில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 'ஃபேனை அணைச்சியா?' 'அணைச்சுட்டேன்.' செயப்படுபொருள் இருவருக்கும் தெரிந்திருந்தால் சொல்லாமல் விடுவதுதான் தமிழின் இயல்பு, அழகும்கூட. ஆங்கிலத்தில் இடம் காலியாக இருக்கக் கூடாது: 'ஐ வில் பிக் யூ அப் அட் ஃபைவ்', 'யெஸ், ஐ டர்ன்ட் இட் ஆஃப்'.

விட்டால் வாக்கியம் குறைப்படுவதோடு நிற்பதில்லை. சில வினைகள் செயப்படுபொருள் இல்லாமல் வேறு பொருள் கொண்டு தனியாகவே வாழ்கின்றன. 'டர்ன் இட் அப்' சத்தத்தைக் கூட்டு; 'டர்ன் அப்' வந்து சேர். 'டேக் இட் ஆஃப்' கழற்று. 'டேக் ஆஃப்' விமானம் மேலே எழும்புவது. 'பாஸ் தெம் அவுட்' தாள்களை எல்லோருக்கும் கொடு. 'பாஸ் அவுட்' மயங்கி விழு. 'தாள்களைக் கொடுத்துவிட்டேன்' என்பதற்கு 'ஐ பாஸ்ட் அவுட்' என்று சொன்னால் தண்ணீர் தெளிக்க ஆள் ஓடி வரும்.

அறிகுறி: மூன்று சொல் வினையில் ப்ரோநௌன் எங்கே?

'புட் அப் வித்', 'ரன் அவுட் ஒவ்', 'கெட் அவே வித்', 'கேட்ச் அப் வித்', 'கம் அப் வித்', 'லுக் டவுன் ஆன்'. முதல் சின்னச் சொல் பார்ட்டிக்கிள், இரண்டாவது ப்ரெபொசிஷன். ப்ரோநௌன் ப்ரெபொசிஷனுக்கு உரியது. ஆகவே கடைசியில்: 'புட் அப் வித் ஹிம்', 'ரன் அவுட் ஒவ் இட்'. எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

இவற்றைப் பார்த்துப் பழகியதால்தான் 'கோப் அப் வித் இட்' என்ற பிழை வருகிறது. 'கோப்' என்ற வினைக்கு அப் கிடையாது. 'கோப் வித் இட்'. கேட்ச் அப், கீப் அப் ஆகியவற்றின் அப் இங்கே தப்பாக வந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டு பெயர்களை ஏற்கும் வினைகளில் முதல் ப்ரோநௌன் நடுவிலும் இரண்டாவது கடைசியிலும் வரும். 'ஃபில் மீ இன் ஆன் இட்' என்றால் நடந்த விவரத்தை எனக்குச் சொல்லு. 'டேக் இட் அவுட் ஆன் மீ' என்றால் வேறு எங்கோ வந்த கோபத்தை என்மேல் காட்டுவது. 'டாக் மீ இன்ட்டு இட்' பேசிப் பேசி என்னைச் சம்மதிக்க வைப்பது. 'டேக் யூ அப் ஆன் இட்' நீங்கள் முன்பு சொன்ன அழைப்பை இப்போது ஏற்றுக்கொள்வது. 'கிவ் பேக்' வினையில் இரண்டுமே ப்ரோநௌன் என்றால் 'கிவ் இட் பேக் டு மீ' என்பதுதான் எங்கும் செல்லும் வடிவம். 'கிவ் மீ பேக் மை பென்' சரி. 'கிவ் மீ பேக் இட்' தவறு.

அறிகுறி: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ'

மெயிலின் கடைசி வரியில் வரும் பிழை. ஆங்கிலத்தில் 'டு' இரண்டு உண்டு. 'வான்ட் டு மீட்' என்பதில் வருவது வினையின் வடிவத்தைச் சேர்ந்தது. 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் வருவது ப்ரெபொசிஷன். அதன் பின்னால் பெயர் வர வேண்டும், வினை வந்தால் 'இங்' சேர்ந்து பெயராக மாற வேண்டும்.

எது எது என்று பிரிக்க, 'டு'வுக்குப் பின் 'இட்' போட்டு வாக்கியத்தை நிறுத்துங்கள். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது. ஆகவே 'டு மீட்டிங் யூ'. 'ஐ வான்ட் டு இட்' நிற்கவில்லை. ஆகவே 'டு மீட் யூ'. 'ஐ ஆம் யூஸ்ட் டு இட்' நிற்கிறது. ஆகவே 'யூஸ்ட் டு வொர்க்கிங் அட் நைட்', அதாவது இரவு வேலை பழகிவிட்டது. 'கிவ் அப் ஸ்மோக்கிங்', 'புட் ஆஃப் கோயிங்' என்று பார்ட்டிக்கிளுக்குப் பின்னும் இதே 'இங்' வடிவம்தான்.

அறிகுறி: கேள்வியிலும் பாஸிவிலும் சின்னச் சொல் காணாமல் போகிறது

'ஹூ ஆர் யூ வெயிட்டிங்?' என்பதில் ஃபார் இல்லை. 'ஹி வாஸ் நாட் லிஸன்ட்' என்பதில் டு இல்லை. பெயர் முன்னால் போய்விட்டதால் ப்ரெபொசிஷனும் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் அது தன் இடத்திலேயே இருக்க வேண்டும்: 'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?', 'ஹி வாஸ் நாட் லிஸன்ட் டு', 'த சைல்ட் வாஸ் வெல் லுக்ட் ஆஃப்டர்'. வாக்கியம் ப்ரெபொசிஷனில் முடியக் கூடாது என்ற பழைய பள்ளிக்கூடத் தடையை இங்கே பொருட்படுத்த வேண்டாம். ஆங்கிலேயர் இப்படித்தான் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். 'உட்கார ஒரு நாற்காலி' என்பதும் 'எ சேர் டு ஸிட் ஆன்'. 'ஆன்' என்ற சொல்லை விட்டால் நாற்காலியையே உட்கார வைப்பதுபோல் ஆகிவிடும்.

இதற்கு எதிர்ப் பிழை, 'த புக் ஐ வாஸ் லுக்கிங் ஃபார் இட்'. புத்தகம் முன்னாலேயே வந்துவிட்டது. கடைசியில் இன்னொரு இட் கூடாது.

அறிகுறி: சின்னச் சொல் தேவையான இடத்தில் இல்லை, தேவையற்ற இடத்தில் இருக்கிறது

இங்கே விதி என்று பெரிதாக எதுவும் இல்லை, தமிழ் உருபு ஆங்கிலத்துக்குள் நுழைவதுதான் காரணம். 'நான் சொல்வதைக் கேள்' என்பதில் 'ஐ' உருபு வருவதால் 'லிஸன் மீ' என்று வருகிறது. வேண்டியது 'லிஸன் டு மீ'. 'வெயிட் மீ' என்பது 'வெயிட் ஃபார் மீ' ஆக வேண்டும். மறுபக்கம், 'அதைப் பற்றி' என்ற பழக்கத்தால் 'டிஸ்கஸ் அபௌட் இட்'. வேண்டியது வெறும் 'டிஸ்கஸ் இட்'. 'அவனிடம் சொல்' என்பதால் 'டெல் டு ஹிம்'. வேண்டியது 'டெல் ஹிம்'. அதே பொருள் தரும் 'ஸே'வுக்கு மட்டும் டு வேண்டும்: 'ஸே இட் டு ஹிம்'. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' இல்லை, 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ'. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் பேக் மிகை.

ப்ரெபொசிஷனுக்குப் பின் இரண்டு பேர் வந்தால் 'அண்ட் ஐ' என்று முடிக்கும் பிழையும் உண்டு. 'வெயிட் ஃபார் ரவி அண்ட் ஐ' என்பதில் 'ரவி அண்ட்' இரண்டையும் எடுத்துவிட்டுப் படியுங்கள். 'வெயிட் ஃபார் ஐ' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே 'ரவி அண்ட் மீ'.

அறிகுறி: சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?

'லாகின்' என்று ஒரே சொல்லாக எழுதினால் பெயர்ச்சொல்; வினையாக வரும்போது 'லாக்', 'இன்' இரண்டும் தனித்தனி. செட்டப், பேக்கப் ஆகியவையும் அப்படித்தான். 'பேக்கப் இட்' தவறு, 'பேக் இட் அப்' சரி. 'லாக் இன்' வினைக்குத் தளத்தின் பெயர் வந்தால் 'லாக் இன் டு இட்': இன் வினையோடு, டு பெயரோடு. 'ஹேண்ட் இட் இன் டு ஹிம்' என்பதிலும் 'இன்', 'டு' இரண்டும் தனித்தனி. சேர்த்து 'இன்ட்டு' என்று எழுதினால் விடைத்தாளை அவருக்குள்ளேயே செருகியதாக ஆகும்.

எதிலும் அடங்கவில்லை என்றால்

ஆங்கிலம் கற்போருக்கான நல்ல அகராதியைத் திறந்து அந்த வினையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். ஃப்ரேசல் வெர்புகள் பெரும்பாலும் அங்கேதான் தொகுத்திருக்கும். 'சம்திங்', 'சம்படி' அல்லது அவற்றின் சுருக்கம் எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். 'டர்ன் சம்திங் ஆஃப்' என்று நடுவில் இருந்தால் இட் நடுவில். 'லுக் ஆஃப்டர் சம்படி' என்று கடைசியில் இருந்தால் ஹிம் கடைசியில். சில அகராதிகளில் நடுவே ↔ என்ற இருபக்க அம்புக்குறி இருக்கும். பெயர்ச்சொல் இரண்டு பக்கமும் போகலாம் என்று அது சொல்கிறது; ப்ரோநௌனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, அது நடுவிலேயே நிற்கும்.

ஒரு மெயிலை எடுத்துத் திருத்திப் பார்க்கலாம். படிவம் ஒன்றை இணைத்துவிட்டு ஒருவர் இப்படி எழுதுகிறார்: 'ப்ளீஸ் ஃபில் அப் இட், ஹேண்ட் ஓவர் டு த மேனேஜர் அண்ட் வெயிட் மீ. ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு டிஸ்கஸ் அபௌட் இட்.'

ஃபில் அப் இட்: வினை தவறு, இடமும் தவறு, 'ஃபில் இட் இன்'. ஹேண்ட் ஓவர்: எதை என்று இல்லை, 'ஹேண்ட் இட் ஓவர்'. வெயிட் மீ: ஃபார் விடுபட்டிருக்கிறது. கடைசி வரியில் 'டு' ப்ரெபொசிஷன் என்பதால் 'டிஸ்கஸிங்', அபௌட் மிகை. திருத்திய வடிவம்: 'ப்ளீஸ் ஃபில் இட் இன், ஹேண்ட் இட் ஓவர் டு த மேனேஜர் அண்ட் வெயிட் ஃபார் மீ. ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு டிஸ்கஸிங் இட்.'